தம்பிக்கு ரத்தப் புற்றுநோய்: அவரிடம் சொல்லலாமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 21. திருச்சியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதங்களுக்கு முன் விடாத காய்ச்சலும் ஈறில் ரத்தக் கசிவுமாக விடுதியிலிருந்து வீடு வந்தவனைச் சென்னைக்கு அழைத்துப் போனோம். பரிசோதித்துவிட்டு, அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்றார்கள். 'ரத்தத்தில் கிருமி, ஊசி போட்டால் சரியாகிவிடும்' என்றுதான் அவனிடம் சொல்லி வைத்திருக்கிறோம். முதல் கட்ட சிகிச்சை முடிந்து, எலும்பு மஜ்ஜையில் நோய் தெரியவில்லை என்று சொல்லிப் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் இன்னும் இரண்டரை ஆண்டு மருந்து உண்டாம். நோய்தான் இல்லையே, பிறகு எதற்கு மருந்து என்று கேட்கும் பெரியப்பா, மூலிகை வைத்தியர் ஒருவரிடம் அழைத்துப் போகலாம் என்கிறார். அப்பா தென்னந்தோப்பை விற்க ஆள் பார்க்கிறார். அம்மா அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே கிடக்கிறார். சாதுவாக இருந்த பையன், மருத்துவமனையில் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை அம்மா மீது வீசினான். இப்போது யாரோடும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். முடி கொட்டியதைப் பார்த்துவிடக் கூடாதென்று அப்பா அறையிலிருந்த கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் உடைந்துபோவானோ என்று பயமாக இருக்கிறது. திருமணமாகிப் பக்கத்து ஊரில் இருக்கிறேன். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பட்டுக்கோட்டை அருகில்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அதிகம் அஞ்சும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தம்பியிடம் சொல்லத்தான் வேண்டும். அடுத்த கட்ட சிகிச்சைக்காகச் சென்னை புறப்படுவதற்குள் அது நடந்துவிடுவது நல்லது. புற்றுநோயாளிகளுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் மனநல ஆலோசகராகப் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். உண்மையைப் பக்குவமாகச் சொன்னதால் சிகிச்சையைக் கைவிட்ட இளைஞர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. உண்மை மறைக்கப்பட்டதால் பாதி வழியில் நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்தின் வகை, அளவு, மாற்றம் ஆகியவற்றில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு. அவர் தரும் சிகிச்சையை வீட்டில் எப்படித் தாங்கிப் பிடிப்பது என்பதைப் பற்றி மட்டுமே நான் எழுதுகிறேன்.

முதலாவது, உங்கள் தம்பிக்குத் தெரியாது என்று நீங்கள் நினைப்பது அநேகமாகச் சரியாக இராது. பொறியியல் படிக்கும் 21 வயதுப் பிள்ளை, கையில் தொலைபேசியோடு, ஒரு மாதம் அந்த வார்டில் படுத்திருந்திருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு என்ன நோய் என்பது அவருக்குத் தெரியும். தனக்கு ஏறும் சிவப்பு மருந்தும் பக்கத்துக் கட்டிலில் ஏறுவதும் ஒன்றுதான் என்பதும் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் இதே வயதுள்ள ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தேன். அவருடைய தாயார் மாத்திரை டப்பாவின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டி, எழுத்தே தெரியாதபடி செய்திருந்தார். அவர் வெந்நீர் எடுக்க வெளியே போனதும், அந்தப் பையன் தலையணைக்கடியிலிருந்து தொலைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். சுரண்டுவதற்கு முன்பே எடுக்கப்பட்டிருந்த அந்த டப்பாவின் படம் அது. 'எனக்கு என்னன்னு முதல் வாரமே தெரியும் சார். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அம்மா தூங்கமாட்டாங்க. அதான் தெரியாத மாதிரி இருக்கேன்' என்றார். தாய் மகனுக்காக மறைக்க, மகன் தாய்க்காக மறைக்க, ஒரே அறையில் இருவரும் தனித்தனியாக அழுதுகொண்டிருந்தார்கள். உங்கள் தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார் என்று படித்ததும் அந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தார்.

இரண்டாவது காரணம் சிகிச்சையிலேயே இருக்கிறது. பெரியப்பா கேட்ட கேள்விக்கும் அதுவே விடை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இந்த நோய் கண்டுபிடிக்கப்படும்போது உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி நோய்ச்செல்கள் இருக்கும் என்பது பாடநூல் கணக்கு. முதல் நான்கைந்து வாரச் சிகிச்சைக்குப் பிறகு எலும்பு மஜ்ஜையை எடுத்து உருப்பெருக்கியில் பார்க்கிறார்கள். அதில் முதிராத செல்கள் நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே வந்து, ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் சீரடைந்திருந்தால் ரெமிஷன் என்கிறார்கள். உங்களிடம் 'நோய் தெரியவில்லை' என்று சொன்னது இதைத்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்த நிலையிலும் ஆயிரம் கோடி நோய்ச்செல்கள் வரை உடலில் மிச்சமிருக்க முடியும். பத்தாயிரம் செல்லில் ஒரு நோய்ச்செல் இருந்தாலும் கண்டுபிடிக்கும் எம்.ஆர்.டி. என்ற நுண்ணிய பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால் அது மிக நல்ல செய்திதான். அப்போதுகூட சில கோடிச் செல்கள் ஒளிந்திருக்க இடமுண்டு. ரத்தத்தில் ஏற்றும் மருந்துகள் பல, மூளையையும் முதுகுத்தண்டையும் சூழ்ந்த நீருக்குள் போதிய அளவு நுழைவதில்லை. முதுகில் ஊசி போட்டு அங்கே நேரடியாக மருந்து செலுத்துவது அதனால்தான். இப்போது சிகிச்சையை நிறுத்தினால், மிச்சமிருப்பவை சில வாரங்களிலோ மாதங்களிலோ பெருகிவிடும். அப்படித் திரும்பி வரும் நோய் பழைய மருந்துகளுக்கு முன்போல் அடங்குவதில்லை. ஆகவே 'நோய் இல்லை என்றபின் எதற்கு மருந்து' என்று பெரியப்பா கேட்டால், 'நோய் தெரியவில்லை என்றார்கள், இல்லை என்று சொல்லவில்லை' என்று பதில் சொல்லுங்கள்.

அடுத்து வரும் சில மாதங்களுக்கு மருத்துவமனைக்கு அடிக்கடி போய்வர வேண்டியிருக்கும். அது முடிந்ததும், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் பராமரிப்புக் கட்டம் தொடங்கும். மெர்காப்டோபியூரின் தினமும் ஒருவேளை, மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள், நுரையீரல் தொற்று வராமலிருக்க வாரத்தில் இரண்டு மூன்று நாள் இன்னொரு மாத்திரை என்று பொதுவாக இருக்கும். அந்தக் கட்டத்தில் உங்கள் தம்பி பார்ப்பதற்கு ஆரோக்கியமாக இருப்பார். முடி வளர்ந்திருக்கும், கல்லூரிக்குக்கூடப் போய்க்கொண்டிருக்கலாம். விடுதி அறையில் இரவு பதினொரு மணிக்கு, எந்த வலியும் இல்லாத ஒரு நாளில், அந்த மாத்திரையை அவரே நினைவாக எடுத்து விழுங்க வேண்டும். 'ரத்தத்தில் கிருமி' என்று நம்பும் ஒருவர் எதற்காக அப்படிச் செய்வார்? இந்த நோயுள்ள குழந்தைகளிடமும் பதின்வயதினரிடமும் செய்த ஆய்வுகளில், நூறு வேளைக்குத் தொண்ணூற்றைந்துக்கும் குறைவாக மெர்காப்டோபியூரின் எடுத்துக்கொண்டவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து கூடியிருப்பது தெரியவந்தது. மாதத்துக்கு இரண்டு நாள் விட்டாலே அந்த எல்லையைக் கடந்துவிடுகிறோம். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் எடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. தான் விழுங்கும் மாத்திரை எது, எதற்காக, எந்தக் கிழமை என்பது உங்கள் தம்பிக்கே தெரிந்திருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. அம்மாவால் இரண்டரை ஆண்டுகள் அவர் பின்னாலேயே போக முடியாது.

மூலிகை விஷயத்தில் பெரியப்பாவைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர் பையன் மேலுள்ள பாசத்தில்தான் பேசுகிறார். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். உங்கள் தம்பிக்கு ஏற்றப்படும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து, நம் வீட்டு வாசல்களில் தானாகவே முளைத்துப் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது. தென்மாவட்டங்களில் அதை வயலிலேயே பயிரிடுகிறார்கள். ஒரு கிராம் மருந்தைப் பிரித்தெடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவைப்படுகிறது. இலையை அரைத்துக் குடிப்பதால் அந்த மருந்து கிடைக்காது, வேறு நச்சுகள்தான் உடலுக்குள் போகும். மெத்தோட்ரெக்சேட்டை உருவாக்கிய ஆய்வுக் குழுவை வழிநடத்திய எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய குழு செய்து கொடுத்த அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொண்டுதான், இந்த நோயிலிருந்து குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவாவது விடுதலை கிடைத்ததை போஸ்டனில் சிட்னி ஃபார்பர் 1948-இல் முதன்முதலாக எடுத்துக்காட்டினார். ஆகவே இதை வெளியிலிருந்து வந்த வைத்தியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. மெர்காப்டோபியூரினும் மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலுக்கு ஏற்கெனவே சுமை தருபவை. அதன் மேல் இன்னதென்று தெரியாத கஷாயமோ பஸ்பமோ சேர்ந்தால், கல்லீரல் பாதித்து, தரவேண்டிய கீமோவையே தள்ளிப்போட நேரிடும். பெரியப்பா வற்புறுத்தினால் அடுத்த ரிவியூவுக்கு அவரையும் அழைத்துச் சென்று, அவர் வாயாலேயே மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். இத்தனை நாள் வீட்டுக்குள் எதிர்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள், மருத்துவர் உட்கார வைத்துப் பேசிய பிறகு சிகிச்சைக்கு முதல் துணையாக மாறியதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி, எப்படிச் சொல்வது என்பதற்கு வருகிறேன். முதலில் உங்கள் அம்மா அப்பாவிடம் பேசுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் நீங்களாகத் தம்பியிடம் சொல்லிவிட வேண்டாம். 'சொல்லலாமா' என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். 'அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால், அவன் இந்த ஒரு மாதமும் எப்படித் தவித்திருப்பான்' என்று கேளுங்கள். 21 வயது என்பது சட்டப்படி தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தர வேண்டிய வயது என்பதையும் சொல்லுங்கள். இதுவரை படிவங்களில் அப்பா மட்டும் கையெழுத்திட்டிருந்தால், இனித் தம்பியும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

பேசும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவால் அழாமல் பேச முடியாது. அப்பா கண்ணாடியைக் கழற்றியவர், அவராலும் முடியாது. காய்ச்சலோ வலியோ இல்லாத ஒரு மாலை நேரத்தில், உறவினர் யாரும் வந்துபோகாத வேளையில், அவர் கட்டிலில் உட்கார்ந்து, 'உனக்கு என்ன ஆச்சுன்னு நீ நினைக்கிற?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நிறுத்திவிடுங்கள். பதில் வரும்வரை, எவ்வளவு நேரமானாலும் இடையில் நீங்கள் பேசாதீர்கள். அவருக்குத் தெரிந்தது எதுவோ அது அவர் வாயிலிருந்தே வரும், பெரும்பாலும் அது உண்மைக்கு மிக அருகில் இருக்கும். பிறகு நோயின் பெயரைச் சொல்லுங்கள். சுற்றி வளைத்துச் சொன்னால், சொல்லாமல் விட்டது இன்னும் எவ்வளவோ என்று நினைத்துக்கொள்வார். இது தொற்றுநோய் அல்ல, அவர் சாப்பிட்டது எதனாலோ செய்தது எதனாலோ வந்ததல்ல, யாருடைய பாவமும் அல்ல, முதல் கட்டத்துக்கு நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது, குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் அடுத்த கட்டம் தரப்படுகிறது என்று சொல்லுங்கள். இத்தனை நாள் மறைத்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். அவர் கோபப்பட்டால் அந்தக் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது.

'நான் செத்துப்போயிடுவேனா அக்கா?' என்று அவர் கேட்கலாம். 'அப்படியெல்லாம் பேசாதே' என்று வாயைப் பொத்திவிடாதீர்கள், ஏனென்றால் அந்தக் கேள்வியை அவர் மறுபடி யாரிடமும் கேட்கமாட்டார். 'எனக்கும் அந்தப் பயம் இருக்குடா. டாக்டர் குணமாக்கத்தான் மருந்து கொடுக்கிறார். அவர்கிட்ட நாம சேர்ந்தே கேட்போம், இனிமே உன்கிட்ட எதையும் மறைக்கமாட்டோம்' என்று சொன்னால் போதும். எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று எண்ணிக்கை கேட்பாரானால் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவருடைய செல்களின் மரபணு மாற்றங்களும் எம்.ஆர்.டி. முடிவும் அறிந்தவர் அவர் ஒருவரே. பொதுவாகச் சொல்வதானால், நல்ல மையங்களில் சிகிச்சை பெறும் குழந்தைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேல் குணமடைகிறார்கள். இருபது வயதையொட்டியவர்களுக்கு அந்த அளவு இல்லையென்றாலும், குழந்தைகளுக்கான தீவிர மருந்து முறையையே அவர்களுக்கும் தரத் தொடங்கிய பிறகு நிலைமை வெகுவாக மேம்பட்டிருக்கிறது.

சொன்ன அன்றைக்கே அவர் எழுந்து உட்கார்ந்து சிரித்துப் பேசுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மூன்று நாள் இன்னும் அமைதியாகிவிடலாம். அதன் பிறகு கேள்விகள் வரும். அவற்றில் ஒன்றை அவர் உங்களிடமோ அம்மாவிடமோ கேட்கவே மாட்டார் என்பதால் நான் எழுதிவிடுகிறேன். இந்த மருந்துகளில் சில பிற்காலத்தில் குழந்தை பிறப்பதைப் பாதிக்கக்கூடும். விந்தணுவைச் சேமித்து வைப்பதற்கு உகந்த நேரம் சிகிச்சை தொடங்குவதற்கு முன்புதான். தொடங்கிவிட்ட இப்போது என்ன வழி உண்டு என்பதை, வீட்டார் யாரும் அறையில் இல்லாத ஐந்து நிமிடத்தில் அவர் மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும். அந்த ஐந்து நிமிடத்தை நீங்களாகவே எழுந்து வெளியே போய் உருவாக்கிக் கொடுங்கள்.

தட்டை வீசிய விஷயத்தை அம்மா மனதில் வைத்துக்கொண்டிருப்பார். அவரிடம் இதைக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள். முதல் கட்ட சிகிச்சையில் பல நாட்கள் தொடர்ந்து தரப்படும் ஸ்டீராய்டு, தூக்கத்தைக் கெடுக்கும், அடங்காத பசியைத் தரும், ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஆத்திரத்தைக் கிளப்பிவிடும், அடுத்த நிமிடமே அழவும் வைக்கும். சாதுவான பிள்ளைகள் அந்த நாட்களில் வேறு ஆளாக மாறிவிடுவதை வார்டில் உள்ள செவிலியர்கள் எல்லோரும் அறிவார்கள். மருந்து நின்றதும் அது தணிந்துவிடும். பின்வரும் கட்டங்களில் ஸ்டீராய்டு மறுபடியும் வரும். அந்த நாட்களை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு, அப்போது எந்தப் பெரிய பேச்சையும் எடுக்காமலிருங்கள். வேளைகளை மருத்துவர் குறித்துக் கொடுத்தபடியே கொடுங்கள். தூக்கம் அறவே இல்லையென்றால் அவரிடம் சொல்லுங்கள்.

இப்போதுள்ள மௌனம் வேறு. ஸ்டீராய்டை நிறுத்திய பின் வரும் சோர்வு அதில் ஓரளவு இருக்கலாம், மறைத்து வைத்ததால் வந்த தனிமையும் இருக்கலாம். உண்மையைப் பேசிய பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே நீடித்தாலோ, 'நான் இருந்து என்ன பிரயோஜனம்', 'எல்லாருக்கும் பாரம்' என்பதுபோல் ஒரு வார்த்தை வந்தாலோ, அதைச் சோர்வு என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். இரவு நேரமாக இருந்தால் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். கண்ணாடியை அப்பாவையே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். தலையைத் தடவிப் பார்க்கும் கைக்கு முடி இல்லை என்பது தெரியாமலா இருக்கும்? கண்ணாடியை அகற்றியதால், தன்னைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள் என்றுதான் அவருக்குப் பட்டிருக்கும்.

பட்டுக்கோட்டையிலிருந்து சென்னை ஓர் இரவுப் பயணம். எனவே உங்களுக்கு மிக அவசரமான அறிவுரை காய்ச்சலைப் பற்றியது. வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை இறங்கியிருக்கும் நாட்களில், காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசர நிலை. பாரசிட்டமால் கொடுத்து, கஞ்சி வைத்துக் கொடுத்து, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையை அடைந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். ஊரில் உள்ள கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வதும் கூடாது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவாக இருந்தால் தசைக்குள் ரத்தம் கசியும். இந்தப் பத்து நாளிலேயே ஒரு காரியம் செய்யுங்கள். சென்னை மருத்துவரைத் தொடர்புகொண்டு, நோயின் பெயர், கொடுத்த மருந்துகள், காய்ச்சல் வந்தால் உடனே தொடங்க வேண்டிய ஆன்டிபயாடிக் ஆகியவை அடங்கிய கடிதம் ஒன்றைப் பெறுங்கள். அதை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அதற்கிணையான வசதியுள்ள வேறு இடத்திலோ முன்கூட்டியே காட்டிப் பேசி வையுங்கள். அந்தக் கடிதம், கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள், தெர்மாமீட்டர், ஒரு மாற்றுடை எல்லாம் ஒரு பையில் வாசலருகே தொங்கட்டும். நள்ளிரவில் யார் வண்டி எடுப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். நடுக்கம், மூச்சுத்திணறல், நிற்காத ரத்தக் கசிவு, கடும் தலைவலி, மேல்வயிற்றில் விடாத வலி, ஒரு பக்கக் காலோ கையோ வீங்குவது ஆகியவற்றுக்கும் இதே அவசரம் உண்டு.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நன்றாக வெந்தது, அன்றன்று சமைத்தது, சூடாக இருப்பது, அவருக்குப் பிடித்தது எதுவும் கொடுக்கலாம். பழைய சோறு, கடை ஜூஸ், கழுவாத பச்சைக் காய்கறி ஆகியவை இப்போதைக்கு வேண்டாம். கோயிலிலிருந்து வரும் திருநீற்றை நெற்றியில் வையுங்கள், தீர்த்தத்தைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். பிள்ளை வந்திருக்கிறான் என்று வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் சுவரை இடித்துக் கட்டுவதும் வேண்டாம், அந்தத் தூசியில் இருக்கும் பூஞ்சை இவருடைய நுரையீரலுக்கு ஆபத்தானது.

பார்க்க வருகிறவர்களில் சளி இருமல் உள்ளவர்களைத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள். ஆனால் அவருடைய நண்பர்களை அப்படி விலக்கிவிடாதீர்கள். ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்துக்கொண்டிருக்கும் அந்த இளைஞர்களுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது என்பதால், தேவைப்படும் சமயத்தில் ஆள் கிடைப்பதுதான் முக்கியம். சென்னையில் இருக்கும் நண்பர்கள் பத்துப் பேரின் பெயர், ரத்த வகை, தொலைபேசி எண் கொண்ட பட்டியலை ஒரு நண்பர் பொறுப்பெடுத்துத் தயாரிக்கட்டும். தம்பிக்குப் பிற்காலத்தில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்படக்கூடும் என்ற பேச்சு இருந்தால், நீங்களோ பெற்றோரோ நெருங்கிய ரத்த உறவினரோ அவருக்கு ரத்தமோ தட்டணுக்களோ கொடுக்காமலிருப்பது நல்லது. உறவினரின் ரத்தம் ஏறினால், பின்னர் அவர்களிடமிருந்தே பெறும் மஜ்ஜையை உடல் ஏற்றுக்கொள்ளாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. உடன்பிறந்த ஒருவரின் திசு முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்குதான் வாய்ப்பு. அந்தத் தேவை எல்லோருக்கும் வருவதில்லை, வந்தால் மருத்துவரே உங்களை அழைப்பார். அப்போது உங்கள் கணவர் வீட்டாரும் உடனிருந்து கேட்டுக்கொள்வது பின்னால் வரும் மனக்கசப்புகளைத் தவிர்க்கும்.

தோப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் பகுதித் தென்னைகளை எப்படிச் சாய்த்துப் போட்டது என்பதும், புதிதாக வைத்த கன்றுகள் காய்ப்புக்கு வர எத்தனை ஆண்டாகும் என்பதும் தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன், விற்பது கடைசி வழியாக இருக்கட்டும். மருத்துவமனையில் உள்ள சமூகப் பணியாளரை அப்பா முதலில் பார்க்க வேண்டும். இனி வரும் கட்டங்களுக்குத் தோராயமாக எவ்வளவு ஆகும், எப்போது ஆகும் என்று எழுதி வாங்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பெறலாம். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். உங்கள் மருத்துவமனை அத்திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவமனை தரும் சான்றிதழைக் காட்டினால், சிகிச்சைக்காகப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகையும், உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு. பணக் கணக்கைத் தம்பியின் காதுபட இரவில் பேசிக்கொள்ளாதீர்கள். ஆனால் அவர் கேட்டால் மறைக்கவும் வேண்டாம். குடும்பத்தின் நிலை தெரிந்த பிள்ளைகள் தம்மால் எல்லாம் போயிற்று என்று கற்பனை செய்துகொள்ளும் தொகை, உண்மையான செலவைவிடப் பெரிதாக இருக்கும்.

அம்மா தரையில் படுத்துக் கிடப்பதை மாற்றியாக வேண்டும். இது இரண்டரை ஆண்டுப் பயணம். முதல் இரண்டு மாதத்திலேயே அவர் விழுந்துவிட்டால், அந்தக் குற்றவுணர்வும் தம்பியின் தலையில்தான் விழும். வாரத்தில் இரண்டு இரவுகள் அப்பா அந்த அறையில் படுக்கட்டும். பேசத் தெரியாத அப்பாக்கள் இருட்டில் ஒரே அறையில் படுத்திருக்கும்போது எதையாவது பேசிவிடுகிறார்கள். வாரம் ஒரு நாள் நீங்கள் வரும்போது அம்மா கோயிலுக்கோ அக்கம்பக்கத்துக்கோ போய்வரட்டும். மற்ற நாட்களில் நீங்கள் உங்கள் வீட்டில் இருப்பதற்காகக் குற்றவுணர்வு கொள்ளாதீர்கள். இத்தனை பேரையும் பற்றி எழுதிய நீங்கள், உங்களைப் பற்றி எழுதியது திருமணமாகிப் பக்கத்து ஊரில் இருக்கிறேன் என்ற ஒரே வரிதான். நீங்கள் அழுவதற்கும் ஒருவர் வேண்டும். அது உங்கள் கணவராகவோ உடன் படித்த தோழியாகவோ இருக்கலாம்.

சென்னைக்குப் புறப்படுமுன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தம்பியிடம் கொடுங்கள். ரத்த எண்ணிக்கை, மருந்தின் பெயர், அடுத்த தேதி எல்லாவற்றையும் இனி அவரே தன் கையால் அதில் எழுதட்டும். பின்பக்கத்தில் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி வரட்டும். அடுத்த முறை மருத்துவரின் அறைக்குள் போகும்போது, மருத்துவருக்கு நேர் எதிரே உள்ள நாற்காலியில் அவர் உட்காரட்டும், அப்பா பக்கத்தில் உட்காரட்டும். கல்லூரியில் படிப்பை இடைநிறுத்தம் செய்து வைப்பதற்கு மருத்துவச் சான்று வேண்டும் என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். எப்போது மறுபடி சேரலாம் என்றும் அவரே கேட்கட்டும்.